நாலாம் மேஜையின் பென்சில் லேபல்

நாற்பத்தெட்டாவது அறிக்கையையும் திருத்திவிட்டுச் சிவப்புப் பேனாவை மூடியபோது அவருக்குச் சந்தோஷம் வரவில்லை, கொட்டாவிதான் வந்தது. "பியூரெட்டைக் கழுவி, அதில் அமிலத்தை நிரப்பினேன்" என்ற வரியை நாலு நாளில் நாற்பத்தெட்டு தடவை படித்திருந்தார். சிலர் அந்தக் கண்ணாடி அளவுக் குழாயைக் கழுவினார்கள், சிலர் அலசினார்கள், ஒருவன் குளிப்பாட்டினான். குளிப்பாட்டியவனுக்கு மட்டும் கை தன்னால் அரை மார்க் கூடப் போட்டது. அந்த நாலு நாளில் அவரைச் சிரிக்க வைத்தவன் அவன் ஒருவன்தான்.

கல்லூரியில் அவர் வேதியியல் ஆய்வக ஆசிரியர். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை; அதில் பதினேழு வருடம், பிறந்த மண்ணை விட்டு வந்தபின், இந்த ஆய்வகத்தில். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பூஜ்யம் சார். பியூரெட்டின் அளவு 21.6 என்று வந்தால் அதை 21.60 என்றுதான் எழுத வேண்டும் என்பது அவர் கட்சி. இரண்டாவது தசமத்தையும் கண்ணால் பார்த்தேன் என்பதற்கு அந்தப் பூஜ்யம்தான் சாட்சி. சாட்சி இல்லையென்றால் அரை மார்க் போச்சு. பட்டப்பெயர் முதன்முதலில் காதுக்கு வந்தபோது கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது. இப்போதெல்லாம் கடைக்குப் போய் எதையாவது மறந்துவிட்டு வந்தால் மனைவியே, "வாங்க பூஜ்யம் சார்" என்கிறாள்.

அவருடைய அறை தராசு அறைக்கும் சாமான் அறைக்கும் நடுவில் சந்து மாதிரி இருந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளினால் சுவர், முன்னால் இழுத்தால் மேஜை. நாலு நாளாகக் குனிந்து குனிந்து கழுத்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டதால், கதவில் யாராவது நின்றால் நாற்காலியோடு சேர்ந்துதான் திரும்ப வேண்டியிருந்தது.

திருத்தியது சாதாரண அறிக்கைகள் அல்ல, ஆண்டுத் தேர்வு. அவர் படித்த பாடப் புத்தகத்தில் அந்தச் செய்முறைக்குத் தரம் பார்த்தல் என்று பெயர். இங்கே எல்லோருக்கும் டைட்ரேஷன். குடுவையில் இருபது மில்லி காரக் கரைசல். நிறங்காட்டி இரண்டு சொட்டு விட்டால் இளஞ்சிவப்பாகும். மேலேயிருந்து பியூரெட் வழியாக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சிவப்பு மறையும் அந்தச் சொட்டில் நிறுத்தி, எத்தனை மில்லி அமிலம் இறங்கியது என்று படித்தால் அதுதான் விடை. இந்த வருடத்து விடை 21.60. அதற்கு மிக அருகில் வந்தால் அந்தப் பகுதிக்குப் பத்துக்குப் பத்து. ஒரு மில்லிக்கு மேல் விலகினால் ஒன்றுமில்லை. அட்டவணை, கணக்கு, எழுத்து எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னொரு பத்து. இருபதுக்குப் பத்து வாங்கினால் பாஸ்.

நாற்பத்தேழு பேருக்கு 21.50-க்கும் 21.70-க்கும் நடுவே விடை வந்திருந்தது. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எந்த வருடமும் ஏழெட்டுப் பேராவது எங்கேயாவது போய் முட்டிக்கொண்டு நிற்பார்கள். விடை மேஜைக்கு மேஜை காற்றில் பரவும் என்பதும் அவர் அறியாததல்ல. ஆனால் விடை சரியென்றால் ஒரு டிக், அடுத்த தாள். பிடித்துக்கொண்ட கழுத்துக்கு அந்த டிக் எவ்வளவு சுகம் என்பது திருத்தியவர்களுக்குத்தான் தெரியும். கண்டும் காணாமல் டிக் போட்டுக்கொண்டே போனார்.

விடை தவறிய ஒரே தாள் 39-ஆம் எண். விடை 19.4. விடைக்குச் சைபர், மற்றவற்றுக்கு ஏழு, ஆக மொத்தம் ஏழு. "கவனம் போதாது" என்று சிவப்பில் எழுதினார். அவதானிப்புப் பகுதியில் அந்த மாணவி ஜன்னல், குடுவை என்று கண்டதையெல்லாம் எழுதி வைத்திருந்தாள். அதன்மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்து "தேவையற்றது" என்றும் எழுதினார். அந்தக் கோட்டை இழுக்கும்போது அந்த வரிகளை அவர் முழுதாகப் படிக்கவில்லை.

வியாழக்கிழமை கடைசி நாள். பகல் ஒன்றிலிருந்து இரண்டு வரை மாணவர்கள் வந்து தங்கள் தாளைப் பார்க்கலாம். நாலு மணிக்குத் தேர்வுப் பிரிவில் மதிப்பெண் பட்டியலைப் பூட்டிவிடுவார்கள். அப்புறம் யார் தலைகீழாக நின்றாலும் திறக்காது.

ஒன்றே முக்காலுக்குக் கதவில் நிழல் விழுந்தது. நாற்காலியோடு திரும்பினார்.

"வரலாமா சார்?"

"நம்பர்?"

"முப்பத்தொன்பது."

மற்ற மாணவர்களைவிட நாலைந்து வயது கூடத் தெரிந்தது. வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் போட்டிருந்தாள். அதன் பை கிழிந்து, கையில் அகப்பட்ட நீல நூலால் தைக்கப்பட்டிருந்தது.

"ஏழு போட்டிருக்கீங்க சார்."

"விடை தப்புமா. ரெண்டு மில்லிக்கு மேல வித்தியாசம். சின்னத் தப்பு இல்ல."

"மூணு தடவை பண்ணினேன் சார். மூணு தடவையும் அதான் வந்துச்சு."

"தப்பா பண்ணினா மூணு தடவையும் தப்பாத்தான் வரும்."

சொன்ன பிறகு அவருக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. அவள் முகம் வாடவில்லை. ஒப்பித்துப் பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி சொன்னாள்:

"எனக்கு இது ரெண்டாவது தடவை சார். போன வருஷமும் இந்த லேப்லதான் போச்சு. இன்னொரு தடவை போனா படிப்பை விட்டே தூக்கிடுவாங்க. இன்னிக்கு நாலு மணியோட முடிஞ்சுது."

விதி அதுதான். அவர் தாளைப் பார்த்துக்கொண்டு, "மத்தவங்களுக்கு என்ன வந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா?" என்றார்.

"தெரியுமே. இருபத்தொண்ணு புள்ளி ஆறு. பத்து நிமிஷத்துல லேப் முழுக்கத் தெரிஞ்சிருச்சு."

"பின்ன ஏன்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். ஓர் ஆசிரியர் முடிக்கக் கூடாத கேள்வி அது.

அவளே முடித்துக்கொண்டாள். "போன வருஷம் பக்கத்து மேஜைக்காரனைப் பார்த்து ஈயடிச்சான் காப்பி அடிச்சேன் சார். அவனுக்கே தப்பா வந்திருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்தே போனோம். இந்தத் தடவை எது வந்தாலும் எனக்கு வந்ததை மட்டும் எழுதறதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. 'இப்போது உன்னையே நம்பியும் அதே கதிதான்' என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினார்.

"இதை மட்டும் ஏன் சார் அடிச்சீங்க?" அவள் விரல் குறுக்குக் கோட்டின்மேல் இருந்தது. "கண்ணுல பட்டதை எல்லாம் எழுதணும்னு முதல் கிளாஸ்ல நீங்கதான சொன்னீங்க?"

அதற்காகவாவது படிக்க வேண்டுமே என்று படித்தார். 'குடுவையின் விளிம்பில் சிறு கீறல் உள்ளது. ஜன்னல் திறந்திருந்தது. எங்கள் மேஜைக் காரப் பாட்டிலின் லேபல் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. மற்ற மேஜைகளில் மையால்.'

இன்னொரு தடவை படித்தார்.

"நீ கொஞ்சம் வெளிய உட்காரும்மா."

"எவ்வளவு நேரம் சார்?"

"உட்காரு. போயிடாத."

மை, பென்சில் விவகாரம் அவராகவே பழக்கத்தில் கொண்டுவந்தது. சரிபார்த்த கரைசலுக்கு மையால் லேபல். தற்காலிகமாக ஊற்றி வைத்தது, பிறகு மாற்ற வேண்டியது என்றால் பென்சில். அவருக்கும் லேப் உதவியாளருக்கும் மட்டும் தெரிந்த ஏற்பாடு. பென்சில் லேபல் ஒட்டிய பாட்டில் மாணவர் மேஜைக்குப் போகவே கூடாது.

போன வாரத் தேர்வு நாள் கண்முன்னே வந்தது. உதவியாளர் குடலிறக்க ஆபரேஷனுக்கு லீவு. கரைசல் தயாரிப்பதும் அவர் தலையில் விழுந்திருந்தது. காலை ஏழு மணிக்கே வந்து பெரிய கேனில் காரத்தைக் கரைத்து, சரிபார்த்து, நாலு மேஜைக்கும் லிட்டர் பாட்டில்களில் ஊற்றினார். மூன்று நிரம்பின. நாலாவது பாட்டில் தொள்ளாயிரத்தில் நின்றுவிட்டது. மறுபடி எடை போட்டு, கரைத்து, சரிபார்க்க அரை மணி ஆகும். செய்திருப்பார். அந்த நேரம் பார்த்து மனைவியின் போன்.

"வாஷிங் மெஷின் குழாய் புடுங்கிக்கிச்சு. ஹால் வரைக்கும் தண்ணி. கீழ் வீட்டுக்காரர் வாசல்ல நின்னு கத்தறார். எங்க அடைக்கணும்?"

"சிங்க்குக்குக் கீழ. இடது பக்கம்."

"இடது பக்கம் ஒண்ணுமே இல்லையே."

"உன் இடது பக்கம் இல்ல. சிங்க்கோட இடது பக்கம்."

"சிங்க்குக்கு ஏதுங்க இடது வலது?"

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, குறைப் பாட்டிலாக நிற்க வேண்டாமென்று, காய்ச்சி வடித்த தண்ணீரைக் கோடுவரை ஊற்றினார். மாற்ற வேண்டியதுதானே என்று பென்சிலில் '4, காரம்' என்று எழுதி ஒட்டினார். சிங்க்கின் இடது பக்கம் எது என்று முடிவாவதற்கு இருபது நிமிடம் ஆயிற்று. அதற்குள் வாசலில் நாற்பத்தெட்டு பேர் நின்றார்கள். அந்தப் பாட்டில் நினைவிலிருந்து கழுவித் துடைத்த மாதிரி போய்விட்டது.

ஆயிரத்தில் தொள்ளாயிரம். தாளின் ஓரத்தில் 21.60-ஐ 0.9-ஆல் பெருக்கினார். 19.44.

சாமான் அறையில் உதவியாளர் வயிற்றில் கை வைத்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார்.

"தேர்வுப் பாட்டில் எல்லாம் ஊத்திக் கழுவிட்டியாப்பா?"

"எங்க சார்? எதையும் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். மேஜையில இருந்ததை அலமாரிக்குத் தள்ளினதோட சரி." பிறகு குரலைத் தாழ்த்தி, "அதுல ஒண்ணு பென்சில் லேபல் சார். அது எப்படி மேஜைக்கு வந்துச்சுன்னுதான் யோசிச்சுட்டு இருந்தேன்" என்றார்.

"நான்தான் வெச்சேன்."

உதவியாளர் எழுந்து மெதுவாக நடந்து போய் ஒரு பியூரெட்டைக் கொண்டுவந்து தாங்கியில் மாட்டினார். பூஜ்யம் சார் இருபது மில்லி காரத்தை அளந்தார். நிறங்காட்டி விட்டதும் குடுவை சிவந்தது. பதினெட்டு வரை வேகமாக விட்டு, பிறகு சொட்டுச் சொட்டாக. அவருடைய விடையை யாரோ திருத்தக் காத்திருப்பது போல இருந்தது.

"போயிருச்சு சார்," என்றார் உதவியாளர்.

"இல்ல, இன்னும் லேசா இருக்கு."

"அது குடுவையில இல்ல சார். உங்க கண்ணாடியில சிவப்பு மை."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். நிறம் போயிருந்தது. அளவு 19.40. இன்னொரு தடவை செய்தார். 19.45.

உதவியாளர் விரல்விட்டு எண்ணினார். "நாலாம் மேஜையில பன்னெண்டு பேர் சார். முப்பத்தேழுல இருந்து நாப்பத்தெட்டு வரைக்கும். மீதிப் பதினோரு பேருக்கும் எப்படிச் சரியா வந்துச்சு?"

"வராது."

"ஆனா வந்திருக்கே?"

"அதான் வராதுன்னேனே."

துறைத் தலைவியின் அறைக்குப் போகும்போது மூன்று மணி. தலைவி அவரைவிடப் பத்து வயது சின்னவர். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். இவர் சொல்லி முடிப்பதற்குள் திருத்தப் படிவத்தை எடுத்து மேஜையில் வைத்துவிட்டார்.

"அந்தப் பொண்ணு மார்க்கு, அவ்வளவுதான? கூட்டல் பிழைன்னு டிக் பண்ணிக் குடுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

"கூட்டல் சரியாத்தான் இருக்கு மேடம்."

"அதை யாரு சார் உட்கார்ந்து கூட்டிப் பார்க்கப் போறா?"

"மத்தப் பதினோரு பேர் இருக்காங்க."

"அவங்கதான் பாஸ் ஆயிட்டாங்களே. பாஸ் ஆனவன் எவனாவது வந்து சண்டை போட்டிருக்கானா?"

"அவங்க எழுதின விடை அந்தப் பாட்டில்ல இருந்து வரவே வராது மேடம்."

தலைவி கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "இங்க பாருங்க. அடுத்த வாரம் ஒப்பந்தம் புதுப்பிக்கற கமிட்டி. உங்க பேரும் லிஸ்ட்ல இருக்கு. நானும் அங்க உட்கார்றேன். தேர்வுக் கரைசலை நான்தான் கெடுத்தேன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்கன்னா, உங்களுக்காக நான் என்னத்தப் பேசறது? பிழைக்கத் தெரியாத ஆளா இருக்கீங்களே சார்."

ஒப்பந்தம் என்றால் வெறும் வேலை இல்லை. அந்தத் தாளைக் காட்டித்தான் ஒவ்வொரு வருடமும் அவரும் மனைவியும் இந்த நாட்டில் தங்குவதற்கான முத்திரை வாங்க வேண்டும். பதினேழு தடவை வாங்கியாயிற்று. பதினேழு தடவையும் இந்த மாதம் வந்தால் தூக்கம் போய்விடும். படுக்கையறை அலமாரியின் மேலே, வந்தபோது கொண்டுவந்த இரண்டு பெரிய பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. மற்ற மாதங்களில் அவற்றைப் பார்த்தால் வெறும் பெட்டி. இந்த மாதத்தில் அவர் அந்தப் பக்கம் நிமிர்வதே இல்லை.

"அஞ்சு நிமிஷம் குடுங்க மேடம்" என்று படிவத்தை எடுத்துக்கொண்டு தன் அறைக்கு வந்தார்.

வழியில் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். எழுந்தாள். அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

திருத்தத்துக்கான காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள். கூட்டல் பிழை. திருத்தாமல் விடுபட்ட பக்கம். வேறு. முதல் கட்டத்தில் டிக் போட்டால் ஒரு நொடியில் வேலை முடியும். அந்தப் பெண் படிப்பாள். பதினோரு பேர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். தலைவிக்குத் தலைவலி இல்லை. இவரும் கழுத்தைச் சாய்த்துக்கொள்ளலாம். யாருக்கும் நஷ்டமில்லாத டிக். நாலு நாளாக அவர் போட்டதெல்லாம் அந்த மாதிரி டிக்குகள்தாம்.

பேனா மூடியைத் திறந்தார். எதற்கும் ஒரு தடவை என்று 39-ஆம் தாளை எடுத்து மார்க்குகளைக் கூட்டிப் பார்த்தார். ஏழு. கீழிருந்து மேலாகக் கூட்டினார். அப்போதும் ஏழுதான் வந்தது.

மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டார். அதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள். 'வேறு' காரணம் நீளமாக இருக்கும் என்று படிவம் அச்சடித்தவருக்குத் தோன்றவில்லை போலும். பொடி எழுத்தில் எழுதினார்: 'நாலாம் மேஜைக் காரக் கரைசல் பத்து சதவீதம் நீர்த்திருந்தது. தயாரித்தவன் நான். மறு அளவீடு 19.40, 19.45. எண் 39-இன் விடை சரி. அந்த மேஜையின் மற்ற பதினோரு பேரின் மதிப்பெண்ணை நிறுத்திவைத்து, திங்களன்று மறுபடி செய்யச் சொல்ல வேண்டும்.' கடைசி வரி ஓரத்தில் வளைந்து மேலே ஏறியது.

தலைவி படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"பதினோரு பேரும் நாளைக்குக் காலையில என்னை வந்து மொய்ப்பாங்க."

"என்கிட்ட அனுப்பிடுங்க."

"மறுபடி யார் திருத்தறது?"

"நான்தான்."

"தலையெழுத்து," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். யாருடைய தலையெழுத்து என்று சொல்லவில்லை. அவர் கதவருகே போனதும், "கமிட்டியில கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றார்.

"எழுதினதையே சொல்றேன் மேடம்."

"கடவுளே," என்று தலைவி அடுத்த பைலை இழுத்துக்கொண்டார்.

தேர்வுப் பிரிவு குமாஸ்தா கடிகாரத்தையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்று ஐம்பத்திரண்டு. "ஏன் சார், எட்டு நிமிஷம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா எனக்கு இந்த வேலையே இல்லையே" என்று முணுமுணுத்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

திரும்பி வந்தபோது அவள் பெஞ்சிலேயே இருந்தாள். பாட்டிலில் தண்ணீர் ஊற்றியது தான்தான் என்று சொல்லித் தாளை நீட்டினார். ஏழு என்பதை அடித்துப் பதினாறரை என்று எழுதி, பக்கத்தில் கையொப்பம் இட்டிருந்தார். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, முழங்கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு புருவத்தைச் சுருக்கினாள்.

"ஏழும் பத்தும் பதினேழு சார். அரை எங்க போச்சு?"

"பத்தொன்பது புள்ளி நாலுன்னு எழுதியிருக்க. பூஜ்யம் எங்க?"

அவள் 19.4-ஐ ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "உங்களுக்கு எவ்வளவு சார் குறைப்பாங்க?"

கேட்டுவிட்டு அவளே பயந்துபோனாள். அவருக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட ஒரு தெம்பு வேண்டும்.

"அடுத்த வாரம் தெரியும். போம்மா, பஸ்ஸை விட்டுடாத."

அறையில் உட்கார்ந்ததும் கழுத்து வலி நினைவுக்கு வந்தது. கூடவே இன்னொன்றும். இந்தப் பதினேழு வருடத்தில் எத்தனை தாளில் "கவனம் போதாது" என்று எழுதியிருப்பார்? அந்தத் தாள்களுக்கான பாட்டிலை நிரப்பும்போது எத்தனை தடவை போன் வந்திருக்கும்? மூன்று வருடத்துக்கு மேற்பட்ட தாள்களைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். போய்ப் பார்க்க வழியில்லை. அந்தக் கணக்கை மனதுக்குள் போட்டுப் பார்த்தார், வரவில்லை, விட்டார்.

மனைவி போன் செய்தாள். குழாய்க்காரர் வந்து புதுக் குழாய் மாட்டிவிட்டாராம். இவர் நடந்ததைச் சொன்னார்.

"அப்ப, அன்னிக்கு நான் போன் பண்ணினதுதான் காரணமா?"

"காரணத்துல உன்னை எழுதல. இடம் பத்தல."

"ரொம்ப நன்றி." பிறகு, "பெட்டி ரெண்டையும் இறக்கித் தொடைச்சு வைக்கட்டுமா?"

"கமிட்டி அடுத்த வாரம்தான். இப்பவே தூசி கிளப்பாத."

"சும்மா கேட்டேன்," என்றாள். சும்மா கேட்கவில்லை என்று இருவருக்கும் தெரியும். "சீக்கிரம் வாங்க. வரும்போது சோப்புத் தூள். மறந்துட்டு வந்தீங்கன்னா உள்ள விடமாட்டேன்."

உதவியாளர் கதவில் எட்டிப் பார்த்தார். "திங்கக்கிழமைக்கு எவ்வளவு சார் கரைக்கணும்?"

"பதினோரு பேருக்கு ஒரு லிட்டர் தாராளம். நீ ரெண்டா கரை."

"லேபல்?"

"நான் வந்து சரிபார்க்கற வரைக்கும் பென்சில்."

உதவியாளர் போன பிறகு பதினோரு வெற்றுத் தாள்களை எண்ணி எடுத்து அடுக்கி வைத்தார். பதினோரு பியூரெட், பதினோரு கழுவல். திங்கட்கிழமையாவது அதில் யாராவது ஒருவன் அதைக் குளிப்பாட்டினால் தேவலை என்று நினைத்துக்கொண்டு, நாற்காலியைச் சுவர்வரை தள்ளி எழுந்தார்.